மெயில் எங்கே நிற்கிறது? போஸ்ட்ஃபிக்ஸ், டவ்காட் சர்வரில் கோளாறு தேடும் முறை

டெபியனிலோ உபுண்டுவிலோ ஏதோ ஒரு குறிப்பைப் பார்த்து, மெயிலை அனுப்பி வாங்கும் போஸ்ட்ஃபிக்ஸும், பெட்டியில் இருப்பதை ஆப்புக்குக் கொடுக்கும் டவ்காட்டும் நிறுவிவிட்டீர்கள். கட்டளைகள் எல்லாம் முணுமுணுக்காமல் ஓடின. ஆனால் மெயில் போகவில்லை. அல்லது போகிறது, வரவில்லை. அல்லது வந்ததாக சர்வர் சொல்கிறது, தண்டர்பேர்டில் எதுவும் தெரியவில்லை. இந்தக் கட்டத்தில் புதியவர்கள் பெரும்பாலும் போஸ்ட்ஃபிக்ஸின் முக்கிய அமைப்புக் கோப்பான மெயின்.சிஎஃப்பைத் திறந்து, வேறெங்கோ கண்ட நாலு வரியைக் கொண்டுவந்து ஒட்டுவார்கள். சரியாகவில்லை என்றால் இன்னும் நாலு வரி. கடைசியில் முதலில் இருந்த கோளாறோடு புதிதாக இரண்டு சேர்ந்துகொள்ளும். எது எதனால் வந்தது என்று யாருக்கும் தெரியாது.

கோப்பில் கை வைப்பதற்கு முன்னால் மெயில் எந்த இடத்தில் நிற்கிறது என்று கண்டுபிடியுங்கள். இடம் தெரிந்துவிட்டால், மாற்ற வேண்டியது பெரும்பாலும் ஒரே ஒரு வரியாக இருக்கும்.

கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் இங்கே ஒலிப்பில் தருகிறேன். டைப் செய்யும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடியுங்கள். உதாரண டொமைனாக எக்சாம்பிள்.காம் வருகிறது, அந்த இடத்தில் உங்கள் டொமைனைப் போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் பாதை

நீங்கள் அனுப்பும் மெயில், போனில் உள்ள ஆப்பிலிருந்து உங்கள் சர்வரின் 587 அல்லது 465ஆம் போர்ட்டுக்கு வருகிறது. அங்கே போஸ்ட்ஃபிக்ஸ் பாஸ்வேர்டு கேட்கும். பாஸ்வேர்டு சரியா என்று தானாகப் பார்க்காது, டவ்காட்டிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும். சரி என்றால் மெயிலை வாங்கி வரிசையில் போடும். பிறகு டிஎன்எஸ்ஸில் (டொமைன் பெயர்களுக்கான முகவரிப் புத்தகம்) எதிர்த்தரப்பின் எம்எக்ஸ் பதிவை, அதாவது அந்த டொமைனின் மெயிலை வாங்கும் சர்வரின் பெயரைத் தேடி, அந்த சர்வரின் 25ஆம் போர்ட்டில் போய் ஒப்படைக்கும்.

உங்களுக்கு வரும் மெயில் இதற்கு எதிர்த்திசை. வெளி சர்வர் உங்கள் எம்எக்ஸ் பதிவைப் பார்த்து உங்கள் 25ஆம் போர்ட்டைத் தட்டும். போஸ்ட்ஃபிக்ஸ் வாங்கி, தானே பெட்டியில் போடும். அல்லது எல்எம்டிபி என்ற உள்ளூர் ஒப்படைப்பு முறை வழியாக டவ்காட்டிடம் கொடுத்துப் போடச் சொல்லும். அங்கிருந்து ஐமேப் வழியாக, 993ஆம் போர்ட்டில், உங்கள் ஆப் எடுத்துப் படிக்கும்.

ஆக, நான்கு கேள்விகள். சர்வருக்குள்ளேயே ஒரு பயனரிடமிருந்து இன்னொருவருக்கு மெயில் போகிறதா? சர்வரிலிருந்து வெளியே போகிறதா? வெளியிலிருந்து உள்ளே வருகிறதா? பெட்டியில் இருப்பதை ஆப்பால் படிக்க முடிகிறதா? நான்கையும் தனித்தனியாகச் சோதியுங்கள். "மெயில் வேலை செய்யவில்லை" என்று மொத்தமாகச் சொன்னால் எவராலும் உதவ முடியாது, உங்களாலும் கூட.

லாகைத் திறந்து வையுங்கள்

லாக் என்பது நடந்ததையெல்லாம் சர்வர் வரிவரியாக எழுதி வைக்கும் பதிவு. டெபியன், உபுண்டுவில் அதன் பழக்கமான இடம் /வார்/லாக்/மெயில்.லாக். ரெட் ஹேட் குடும்பத்திலும் ஃப்ரீபிஎஸ்டியிலும் அது /வார்/லாக்/மெயில்லாக், நடுவில் புள்ளி கிடையாது. டெபியன் 12 முதல், இந்தக் கோப்பை எழுதும் ஆர்சிஸ்லாக் நிரல் தானாக நிறுவப்படுவதில்லை. ஆகவே மெயில்.லாக் கோப்பே இல்லையே என்று திகைக்க வேண்டாம். ஜர்னல்சிடிஎல் கட்டளையில் எல்லாம் இருக்கும். இரண்டு டெர்மினல் திறந்து, ஒன்றில் "ஜர்னல்சிடிஎல் -எஃப்" ஓடட்டும். இன்னொன்றிலிருந்து சோதனை மெயில் அனுப்புங்கள். அனுப்பிய கணத்தில் என்ன வரி விழுகிறது என்று பார்ப்பதுதான் பாதி வேலை.

எந்த வரியும் விழவில்லை என்றால் அதுவும் ஒரு பதில்தான்: மெயில் உங்கள் சர்வரை எட்டவே இல்லை. அப்போது மெயின்.சிஎஃப்பை நோண்டிப் பயனில்லை. ஃபயர்வால், டிஎன்எஸ், ஆப்பில் கொடுத்த சர்வர் பெயர், இவைதான் சந்தேகத்துக்கு உரியவை. இன்னொன்றும் உண்டு: தவறான லாகின்களைக் கண்டு ஐபியைத் தடுக்கும் ஃபெயில்2பேன் நிரலைப் போட்டிருந்து, நீங்களே பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்பத் தப்பாகக் கொடுத்திருந்தால், உங்கள் வீட்டு ஐபியையே அது தடுத்திருக்கலாம். "ஃபெயில்2பேன்-கிளையன்ட் ஸ்டேட்டஸ்" கட்டளைக்குப் பின்னால் ஜெயிலின் (ஒரு சேவைக்கான தடுப்பு விதி) பெயரைக் கொடுத்தால் தடுத்த ஐபிகளைக் காட்டும்.

வரி விழுந்தால் அதைப் பொறுமையாகப் படியுங்கள். வீட்சே வெனிமா ஐபிஎம் ஆய்வகத்தில் எழுதி 1998இல் வெளிவந்த போஸ்ட்ஃபிக்ஸ் ஒரே பெரிய நிரல் அல்ல. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு சின்ன நிரலாகப் பிரித்துக் கட்டியது. லாகில் ஒவ்வொரு வரியும் எந்த நிரல் பேசுகிறது என்று சொல்லித்தான் தொடங்கும். "எஸ்எம்டிபிடி" என்றால் வெளியிலிருந்து வாங்கும் பக்கம். "எஸ்எம்டிபி" என்றால் வெளியே கொடுக்கும் பக்கம். கடைசியில் ஒரு "டி"தான் வித்தியாசம், ஆனால் புதியவர்கள் தவறான பக்கத்தில் தேடி நேரம் தொலைப்பது இந்த ஓர் எழுத்தைக் கவனிக்காததால்தான். "லோக்கல்" அல்லது "எல்எம்டிபி" என்றிருந்தால் மெயில் பெட்டி வாசலுக்கே வந்துவிட்டது என்று அர்த்தம்.

அடுத்து வருவது வரிசை எண், எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு குறி. ஒரு மெயிலின் கதை முழுவதும் அந்தக் குறியோடுதான் ஓடும். "கிரெப்" கொண்டு அந்தக் குறியைத் தேடினால் வந்த நேரம் முதல் போன நேரம் வரை வரிசையாகக் கிடைக்கும். குறி இருக்கும் இடத்தில் "நோகியூ" என்றிருந்தால் மெயில் வரிசைக்குள் நுழையும் முன்பே வாசலில் திருப்பி அனுப்பப்பட்டது.

கடைசியில் "ஸ்டேட்டஸ்". சென்ட் என்றால் அடுத்த கை வாங்கிக்கொண்டது. டெஃபர்டு என்றால் இப்போது முடியவில்லை, பிறகு மறுபடி முயலும். பவுன்ஸ்டு என்றால் திரும்பிவிட்டது. அதற்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் வருவதுதான் மிக முக்கியம்: வெளியே போகும் மெயிலில் எதிர் சர்வர் சொன்ன பதில் சொல் மாறாமல் அங்கே இருக்கும். கூகுளோ மைக்ரோசாஃப்ட்டோ மறுத்தால், ஏன் மறுத்தோம் என்று அங்கேயே ஒரு சுட்டியோடு எழுதி வைத்திருப்பார்கள். அதைப் படிக்காமல்தான் பலர் தேடல் எந்திரத்துக்கு ஓடுகிறார்கள்.

"டிலேஸ்" என்று நான்கு எண்கள் சாய்கோட்டால் பிரித்து வரும். முதலாவது வரிசை நிர்வாகியிடம் போகும் முன் ஆன நேரம், இரண்டாவது அவரிடம் காத்திருந்த நேரம், மூன்றாவது எதிர் சர்வரோடு இணைப்பு ஏற்படுத்த ஆன நேரம், நான்காவது மெயிலைக் கொடுக்க ஆன நேரம். மூன்றாவது எண் மட்டும் 30 விநாடி, அதற்கும் மேல் என்று வீங்கியிருந்தால் நெட்வொர்க்கையோ டிஎன்எஸ்ஸையோ பாருங்கள்.

ஓடுகிறதா, கேட்கிறதா

டெபியன் 12இல் "சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் போஸ்ட்ஃபிக்ஸ்" கொடுத்தால் "ஆக்டிவ், எக்ஸிட்டட்" என்று காட்டும். சர்வர் செத்துவிட்டது என்று பதற வேண்டாம். அது வெறும் மேலுறை. உண்மையான சேவையின் பெயர் "போஸ்ட்ஃபிக்ஸ்@-". அந்தப் பெயரில் கேட்டால் உண்மை தெரியும்.

இதைவிட நம்பகமான கேள்வி, போர்ட் திறந்திருக்கிறதா என்பது. "எஸ்எஸ் -டிஎல்என்பி" கொடுங்கள். 25க்கு நேரே 0.0.0.0 இருந்தால் எல்லாப் பக்கமும் கேட்கிறது. 127.0.0.1 மட்டும் இருந்தால் தனக்குள்ளேயே பேசிக்கொண்டிருக்கிறது. வெளியிலிருந்து எதுவும் வராது. நிறுவும்போது "லோக்கல் ஒன்லி" என்று தேர்ந்தெடுத்தவர்களுக்கு இப்படித்தான் இருக்கும். மெயின்.சிஎஃப்பில் ஐநெட்_இன்டர்ஃபேசஸ் என்பதை "ஆல்" என்று மாற்றுங்கள். இந்த ஒரு மாற்றத்துக்கு ரீலோடு போதாது. போஸ்ட்ஃபிக்ஸை நிறுத்தித் திரும்பத் தொடங்க வேண்டும்.

587 பட்டியலிலேயே இல்லையா? போஸ்ட்ஃபிக்ஸின் எந்தச் சேவைகள் ஓட வேண்டும் என்று சொல்லும் மாஸ்டர்.சிஎஃப்பில் "சப்மிஷன்" என்று தொடங்கும் வரி ஹேஷ் குறியோடு அணைந்து கிடக்கும். குறியை எடுக்கும்போது, அதன் கீழே "-ஓ" என்று தொடங்கும் வரிகளில் தேவையானவற்றையும் சேர்த்துத் திறங்கள். ஆனால் அவற்றின் முன்னால் இருக்கும் இடைவெளியை அழித்துவிடாதீர்கள். போஸ்ட்ஃபிக்ஸ் கோப்புகளில் இடைவெளியோடு தொடங்கும் வரி முந்தைய வரியின் தொடர்ச்சி. இதே விதி மெயின்.சிஎஃப்பில் எதிர்ப்பக்கமாகக் கடிக்கும்: தெரியாமல் ஒரு வரியின் முன்னால் ஒரு ஸ்பேஸ் விழுந்தால், அந்த வரி மேலே உள்ளதோடு ஒட்டிக்கொண்டு இரண்டும் கெடும். வரியின் முடிவில் ஹேஷ் போட்டுக் குறிப்பு எழுதும் பழக்கமும் இங்கே செல்லாது; அந்தக் குறிப்பும் மதிப்பாகவே எடுத்துக்கொள்ளப்படும்.

"போஸ்ட்ஃபிக்ஸ் செக்" பெரிய பிழைகளைச் சொல்லும். "போஸ்ட்கான்ஃப் -என்" அதைவிடப் பயனுள்ளது. நீங்கள் எழுதியதாக நினைப்பதை அது காட்டாது. போஸ்ட்ஃபிக்ஸ் புரிந்துகொண்டதைத்தான் காட்டும். ஒரே அமைப்பை இரண்டு இடத்தில் எழுதியிருந்தால் கடைசியில் உள்ளதே செல்லும். ஒட்டி ஒட்டி வளர்ந்த கோப்புகளில் இது சர்வ சாதாரணம்.

டிஎன்எஸ்

மூன்று கேள்விகள் போதும். கேட்க "டிக்" கட்டளை. "டிக் எம்எக்ஸ் எக்சாம்பிள்.காம்" ஒரு பெயரைத் தர வேண்டும். அது ஐபி முகவரியாகவோ சிநேம் பதிவாகவோ (இன்னொரு பெயரைக் காட்டும் மாற்றுப் பெயர்) இருக்கக் கூடாது. அந்தப் பெயரை "டிக்" செய்தால் உங்கள் சர்வரின் ஐபி வர வேண்டும், இது ஏ பதிவு. பிறகு "டிக் -எக்ஸ்" போட்டு அந்த ஐபியைத் தலைகீழாகக் கேட்டால் அதே பெயர் திரும்ப வர வேண்டும்.

மூன்றாவதுதான் பிடிஆர் பதிவு. டொமைன் வாங்கிய இடத்தின் பேனலில் இதைத் தேடினால் கிடைக்காது. ஐபி யாருடையதோ அவர்கள்தான் இதை வைக்க முடியும். அதாவது உங்களுக்கு விபிஎஸ் (மெய்நிகர் சர்வர்) வாடகைக்குக் கொடுத்த நிறுவனத்தின் பேனலில், ரிவர்ஸ் டிஎன்எஸ் என்ற பெயரில் இருக்கும். மெயின்.சிஎஃப்பில் உள்ள மைஹோஸ்ட்நேம், ஏ பதிவு, பிடிஆர், மூன்றிலும் ஒரே பெயர் இருந்தால் பாதித் தலைவலி வராது.

டிக் சரியாக வருகிறது, ஆனால் லாகில் மட்டும் "நேம் சர்வீஸ் எரர்" என்று வருகிறதா? டெபியன் 12 போன்ற பதிப்புகளில் போஸ்ட்ஃபிக்ஸின் பல நிரல்கள் /வார்/ஸ்பூல்/போஸ்ட்ஃபிக்ஸ் என்ற சிறைக்குள் ஓடும். அங்கே இடிசி அடைவில் ரிசால்வ்.கான்ஃப் கோப்பின் ஒரு நகல் இருக்கிறது. வெளியே உள்ளது மாறினாலும் நகல் பழையதாகவே கிடக்கலாம். ரீஸ்டார்ட் செய்தால் நகல் புதுப்பிக்கப்படும்.

கையால் பேசிப் பாருங்கள்

மெயில் சர்வர்கள் தங்களுக்குள் பேசும் எஸ்எம்டிபி 1982இல் வந்த, மனிதர் படிக்கக்கூடிய மொழி. அதனால் ஆப் எதுவும் இல்லாமல் நாமே பேசிச் சோதிக்கலாம். வேறொரு கணினியிலிருந்து "டெல்நெட்" அல்லது "என்சி" கொண்டு உங்கள் சர்வரின் 25ஆம் போர்ட்டைத் தொடுங்கள். 220 என்று தொடங்கி வரவேற்பு வரும். "இஹெச்எல்ஓ" சொல்லி உங்கள் கணினிப் பெயரைக் கொடுங்கள். அப்புறம் "மெயில் ஃப்ரம்", "ஆர்சிபிடி டு" இரண்டையும் முகவரியோடு கொடுங்கள். பெரும்பாலான மறுப்புகள் ஆர்சிபிடி வரியிலேயே வந்துவிடும், மெயிலின் உடலை எழுதும் வேலையே வராது.

வேறொரு கணினியிலிருந்து என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. சர்வருக்குள்ளிருந்தே சோதித்தால், லாகின் இல்லாமலே நம்பப்படும் ஐபிகளின் மைநெட்வொர்க்ஸ் பட்டியலில் நீங்கள் இருப்பவர். உங்களுக்கு எல்லாக் கதவும் திறக்கும். வெளியாளுக்கு என்ன நடக்கிறது என்று தெரியாது. வீட்டு இணைப்புகள் பலவற்றில் 25ஆம் போர்ட் அடைபட்டிருக்கும், ஆகவே இன்னொரு விபிஎஸ் கையில் இருந்தால் நல்லது.

பதிலின் முதல் இலக்கம்தான் சாவி. 2 என்றால் ஆயிற்று. 3 என்றால் மேலே சொல். 4 என்றால் இப்போது இல்லை, பிறகு வா. 5 என்றால் வராதே. 4இல் தொடங்குவதைப் பார்த்ததும் கோப்பைத் திருத்த ஓடாதீர்கள். பல சர்வர்கள் அறிமுகமில்லாத ஐபியை முதல் முறை 450 அல்லது 451 சொல்லித் திருப்பி அனுப்பும், சில நிமிடம் கழித்து வந்தால் வாங்கிக்கொள்ளும். கிரேலிஸ்டிங் என்பது இதுதான். போஸ்ட்ஃபிக்ஸ் தானாகவே மறுபடி போகும்.

587ஐச் சோதிக்க டிஎல்எஸ் என்ற மறைகுறியாக்கம் வேண்டும், டெல்நெட் போதாது. "ஓப்பன்எஸ்எஸ்எல் எஸ்_கிளையன்ட்" கட்டளைக்கு "-ஸ்டார்ட்டிஎல்எஸ் எஸ்எம்டிபி" என்றும் "-கனெக்ட்" என்றும் சேர்த்துக் கொடுங்கள். இதில் ஒரு குறும்பு ஒளிந்திருக்கிறது. இந்தக் கருவியில் வரியின் தொடக்கத்தில் பெரிய எழுத்து ஆர் வந்தால், அதை அது தனக்கான கட்டளையாக எடுத்துக்கொண்டு டிஎல்எஸ் பேச்சைத் திரும்பத் தொடங்கும். ஆர்சிபிடி வரி சர்வருக்குப் போகவே போகாது. சிறிய எழுத்தில் அடியுங்கள், அல்லது "-கொயட்" சேருங்கள். இந்தக் கைவேலை அலுத்தால் "ஸ்வாக்ஸ்" என்ற கருவியை நிறுவிக்கொள்ளுங்கள். லாகின் உட்பட எல்லாவற்றையும் ஒரே வரியில் சோதித்து, முழு உரையாடலையும் காட்டும்.

அடிக்கடி வரும் சில வரிகள்

"கனெக்ஷன் டைம்டு அவுட்", எதிரே கூகுளோ யாகூவோ, போர்ட் 25. உங்கள் சர்வர் எவ்வளவு முயன்றாலும் வெளியே போக முடியவில்லை. இதற்கு முதல் சந்தேகம் உங்கள் கிளவுட் நிறுவனமே. அமேசான் இசி2, கூகுள் கிளவுட், டிஜிட்டல்ஓஷன் எல்லாம் வெளியே போகும் 25ஆம் போர்ட்டைத் தாமாகவே தடுத்து வைத்திருப்பவை. போஸ்ட்ஃபிக்ஸில் என்ன மாற்றினாலும் இது தீராது. தடையை எடுக்கச் சொல்லி விண்ணப்பிக்கலாம், எல்லோரும் சம்மதிப்பதில்லை. இல்லையென்றால் உங்கள் மெயிலை வாங்கி வெளியே அனுப்பித் தரும் ஒரு ரிலே சேவையை வைத்துக்கொண்டு, ரிலேஹோஸ்ட் அமைப்பில் அதன் பெயரைச் சதுர அடைப்புக்குறிக்குள்ளும், வெளியே 587 என்றும் எழுதுங்கள். சதுர அடைப்புக்குறி இருந்தால் எம்எக்ஸ் தேடாமல் நேராக அந்தப் பெயருக்கே போகும். உங்கள் நிறுவனம் 587ஐயும் அடைத்திருந்தால், ரிலே சேவை தரும் மாற்றுப் போர்ட்டைப் பயன்படுத்துங்கள்.

"ரிலே ஆக்செஸ் டினைடு". இதே வரி இரண்டு வெவ்வேறு கோளாறுகளுக்கு வரும். யாருக்கு அனுப்பிய மெயில் என்று பாருங்கள். ஜிமெயில் முகவரிக்கு என்றால், அனுப்பியவர் லாகின் செய்யவில்லை: ஆப்பில் 25ஆம் போர்ட் கொடுத்திருப்பார், அல்லது "சர்வருக்கு அங்கீகாரம் தேவை" என்ற பெட்டியை டிக் செய்யாமல் விட்டிருப்பார். உங்கள் டொமைனுக்கே வந்த மெயில் என்றால், அந்த டொமைன் உங்களுடையது என்று போஸ்ட்ஃபிக்ஸுக்குத் தெரியவில்லை. மைடெஸ்டினேஷனிலோ வெர்ச்சுவல்_மெயில்பாக்ஸ்_டொமைன்ஸிலோ சேர்க்க வேண்டும். இரண்டில் ஒன்றில் மட்டும். இரண்டிலும் போட்டால் லாகில் எச்சரிக்கை விழும், மெயில் எந்தப் பக்கம் போகும் என்பது உங்கள் எதிர்பார்ப்புக்கு மாறாக இருக்கும்.

இந்தப் பிழைக்கு மருந்தாக மைநெட்வொர்க்ஸில் 0.0.0.0/0 போடச் சொல்லும் அறிவுரை ஆங்காங்கே உலவுகிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். பிழை உடனே மறையும், உண்மைதான். உலகத்தில் யார் வேண்டுமானாலும் உங்கள் சர்வர் வழியாக யாருக்கு வேண்டுமானாலும் மெயில் அனுப்பலாம் என்று ஆகிவிட்டால் வேறென்ன பிழை வரும்? ஸ்பேம் அனுப்புபவர்கள் இப்படிப்பட்ட சர்வர்களை ஓயாமல் தேடிக்கொண்டே இருக்கிறார்கள். ஐபி கறுப்புப் பட்டியலில் ஏறிய பிறகு அதை மீட்பது, முதலில் இருந்த கோளாறைவிடப் பல மடங்கு வேலை.

"யூசர் அன்னோன்" வந்தால் அதன் பின்னொட்டைப் படியுங்கள். "லோக்கல் ரெசிபியன்ட் டேபிளில்" இல்லை என்றால் லினக்ஸ் பயனரையும் அலியாஸையும் (மாற்று முகவரி) பாருங்கள். "வெர்ச்சுவல் மெயில்பாக்ஸ் டேபிளில்" இல்லை என்றால் உங்கள் வெர்ச்சுவல் பட்டியலைப் பாருங்கள். பட்டியல் கோப்பில் சேர்த்துவிட்டு, அதை போஸ்ட்ஃபிக்ஸ் படிக்கும் வடிவுக்கு மாற்றும் "போஸ்ட்மேப்" ஓட்ட மறப்பது புதியவர்கள், பழையவர்கள் எல்லோருக்கும் பொது. /இடிசி/அலியாசஸ் கோப்பு என்றால் அதற்குப் பதிலாக "நியூஅலியாசஸ்" ஓட்ட வேண்டும்.

"கனெக்ட் டு பிரைவேட்/ஆத் ஃபெயில்டு" என்று வந்தால், பாஸ்வேர்டைச் சரிபார்க்க டவ்காட்டை அழைத்தபோது, இரண்டு நிரல்களும் பேசிக்கொள்ளும் இணைப்பு முனையான சாக்கெட் அங்கே இல்லை. டவ்காட் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால், அதன் ஆத் சேவைக்கு உள்ள யூனிக்ஸ்_லிசனர் /வார்/ஸ்பூல்/போஸ்ட்ஃபிக்ஸ்/பிரைவேட்/ஆத் என்ற பாதையில், போஸ்ட்ஃபிக்ஸ் பயனருக்கு உரிமையாக, 0660 அனுமதியோடு இருக்கிறதா என்று பாருங்கள். சாக்கெட் சரி, பாஸ்வேர்டுதான் மறுக்கப்படுகிறது என்றால், போஸ்ட்ஃபிக்ஸை மறந்துவிட்டு "டவ்அட்மின் ஆத் டெஸ்ட்" ஓட்டுங்கள். அதிலும் தோற்றால் கோளாறு முழுக்க டவ்காட் பக்கம்.

வரும் மெயில் எல்லாமே "451 சர்வீஸ் அன்அவைலபிள்" என்று திரும்பினால் மில்டரை, அதாவது மெயிலைப் பரிசோதிக்க போஸ்ட்ஃபிக்ஸோடு இணைக்கும் துணை நிரலைச் சந்தேகியுங்கள். டிகிம் கையெழுத்துப் (மெயில் உங்கள் டொமைனுடையது என்று காட்டும் டிஜிட்டல் முத்திரை) போடவோ ஸ்பேம் வடிகட்டவோ ஒரு மில்டரை இணைத்திருப்பீர்கள். அது நின்றுவிட்டால் போஸ்ட்ஃபிக்ஸ் இயல்பாகவே தற்காலிக மறுப்புச் சொல்லும். மெயில் தொலையாது, தாமதமாகும்.

ஸ்பேம் அனுப்பும் ஐபிகளைத் தொகுக்கும் ஸ்பாம்ஹவுஸின் பட்டியலைப் பயன்படுத்துபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உங்கள் சர்வர் 8.8.8.8 போன்ற பொது டிஎன்எஸ் வழியாகக் கேட்டால், ஸ்பாம்ஹவுஸ் 127.255.255.254 என்று ஒரு பதில் தரும். அதன் பொருள் "இந்த வழியில் கேட்காதே". ஆனால் போஸ்ட்ஃபிக்ஸில் வெறுமனே பட்டியல் பெயரை மட்டும் எழுதியிருந்தால், எந்தப் பதில் வந்தாலும் ஸ்பேம் என்று எடுத்துக்கொண்டு நல்ல மெயிலையும் தள்ளிவிடும். சர்வரிலேயே "அன்பவுண்ட்" என்ற டிஎன்எஸ் நிரலை நிறுவி, போஸ்ட்ஃபிக்ஸை அதனிடம் கேட்க வைப்பதே ஒழுங்கான வழி.

பெரிய கோப்புகளை இணைத்த மெயில் மட்டும் போகாவிட்டால் அளவு எல்லையைப் பாருங்கள்: மெசேஜ்_சைஸ்_லிமிட் இயல்பாக 1,02,40,000 பைட். இணைத்த கோப்புகள் மெயிலில் போகும்போது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பருக்கும் என்பதால் 8 எம்பி கோப்பே இந்த எல்லையைத் தாண்டிவிடும். "இன்சஃபிஷியன்ட் சிஸ்டம் ஸ்டோரேஜ்" வந்தால் "டிஎஃப்" பாருங்கள், கூடவே "டிஎஃப் -ஐ" பாருங்கள். மெயில்டிர் முறையில் ஒவ்வொரு மெயிலும் ஒரு கோப்பு. வட்டில் இடம் இருந்தும் ஐநோடு (ஒவ்வொரு கோப்புக்கும் ஒன்று தேவைப்படும் பதிவு) தீர்ந்துபோகலாம்.

வரிசையில் கிடப்பவை

"போஸ்ட்கியூ -பி" வரிசையைக் காட்டும், ஒவ்வொன்றும் ஏன் நிற்கிறது என்ற காரணத்தோடு. "போஸ்ட்கேட் -கியூ" என்று எழுதி வரிசை எண்ணைக் கொடுத்தால் அந்த மெயிலையே படிக்கலாம். கோளாறைச் சரிசெய்த பிறகு "போஸ்ட்கியூ -எஃப்" ஒரு முறை கொடுங்கள். சரிசெய்யாமலே நிமிடத்துக்கு ஒரு முறை கொடுத்துக்கொண்டிருந்தால் எதிர் சர்வர்களின் எரிச்சலைத்தான் சம்பாதிப்பீர்கள்.

ஒன்றும் செய்யாவிட்டாலும் போஸ்ட்ஃபிக்ஸ் 300 விநாடியில் தொடங்கி, இடைவெளியை 4000 விநாடி வரை நீட்டி நீட்டி, 5 நாள் முயலும். அதன் பிறகுதான் அனுப்பியவருக்குத் திரும்பும். அதுவரை அவருக்கு எந்தச் செய்தியும் போகாது. டிலே_வார்னிங்_டைம் அமைப்பில் 4ஹெச் என்று வைத்தால் நான்கு மணி நேரத்தில் ஒரு எச்சரிக்கை போகும். இதை வைத்துவிடுவது நல்லது.

சோதனைக் காலத்துக்கு சாஃப்ட்_பவுன்ஸ் என்று ஓர் அமைப்பு இருக்கிறது. "யெஸ்" என்று வைத்தால் 5இல் தொடங்கும் நிரந்தர மறுப்புகள் எல்லாம் 4இல் தொடங்கும் தற்காலிக மறுப்புகளாக மாறும். உங்கள் தவறால் யாருடைய மெயிலும் திரும்பிப் போகாது. வேலை முடிந்ததும் எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் வரிசை குப்பையால் நிறையும்.

போகிறது, ஆனால் ஸ்பேமில்

லாகில் "சென்ட்", 250 என்று இருக்கிறது. நண்பர் வரவில்லை என்கிறார். உங்கள் சர்வரின் வேலை முடிந்துவிட்டது. நண்பரை ஸ்பேம் பெட்டியைப் பார்க்கச் சொல்லுங்கள். ஜிமெயிலில் அந்த மெயிலின் அசல் வடிவத்தைத் திறந்தால் எஸ்பிஎஃப் (உங்கள் டொமைன் பெயரில் அனுப்பலாம் என்ற சர்வர்களின் பட்டியல்), டிகிம், டிமார்க் (இவை தோற்றால் என்ன செய்வது என்ற கொள்கை) மூன்றுக்கும் பாஸா ஃபெயிலா என்று மேலேயே போட்டிருக்கும். 2024 பிப்ரவரி முதல் கூகுள், சின்ன அனுப்புநர்களிடமும் எஸ்பிஎஃப் அல்லது டிகிம், சரியான பிடிஆர், டிஎல்எஸ் ஆகியவற்றைக் கேட்கிறது; ஒரு நாளில் 5000 மெயிலுக்கு மேல் ஜிமெயிலுக்கு அனுப்புபவர்களிடம் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றையும் கேட்கிறது.

எஸ்பிஎஃப் பதிவு ஒரு டொமைனுக்கு ஒன்றுதான். ஒவ்வொரு சேவைக்கும் ஒன்று என்று இரண்டு வைத்தால் இரண்டும் செல்லாது. ஒன்றாகச் சேர்க்க வேண்டும். அதற்குள் டிஎன்எஸ் தேடல்கள் 10ஐத் தாண்டினாலும் பிழைதான். டிகிம்முக்கு 2048 பிட் சாவி வைத்தால், டிஎக்ஸ்டி பதிவில் ஒரு சரம் 255 எழுத்துக்கு மேல் போக முடியாது என்பதால் துண்டாக்கி எழுத வேண்டியிருக்கும். சில பேனல்கள் தாமே துண்டாக்கும், சில பேசாமல் வெட்டிவிடும். பதிவு வைத்த பிறகு "டிக் டிஎக்ஸ்டி" கொடுத்து முழுதாக வருகிறதா என்று பாருங்கள்.

ஐபிவி4இல் எல்லாம் பச்சையாக இருந்தும் ஜிமெயில் மட்டும் மறுத்தால், லாகில் எதிர் முகவரியைப் பாருங்கள். முக்காற்புள்ளிகளோடு நீளமாக இருந்தால் உங்கள் சர்வர் ஐபிவி6 வழியாகப் போகிறது, அந்த முகவரிக்குப் பிடிஆர் வைத்திருக்க மாட்டீர்கள். வையுங்கள். உடனே முடியாவிட்டால் ஐநெட்_புரோட்டோகால்ஸ் அமைப்பில் ஐபிவி4 என்று மட்டும் எழுதி, ரீஸ்டார்ட் செய்து தற்காலிகமாகத் தப்பலாம்.

வந்திருக்கிறது, தெரியவில்லை

லாகில் "டெலிவர்டு டு மெயில்பாக்ஸ்" என்று இருக்கிறது, ஆனால் ஆப்பில் இன்பாக்ஸ் காலி. இது மிகப் பழைய கூத்து. போஸ்ட்ஃபிக்ஸ் இயல்பாக /வார்/மெயில் அடைவில் ஒரே கோப்பாகப் போடுகிறது. டவ்காட்டோ பயனரின் ஹோமில் மெயில்டிர் அடைவைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. இருவரையும் ஒரே இடத்தைப் பார்க்க வையுங்கள். ஹோம்_மெயில்பாக்ஸ் அமைப்பில் "மெயில்டிர்/" என்று (இங்கே எம் மட்டும் பெரிய எழுத்து) கடைசிச் சாய்கோட்டோடு எழுதினால் லாகில் "டெலிவர்டு டு மெயில்டிர்" என்று மாறும். டவ்காட் எங்கே பார்க்கிறது என்பதை "டவ்கான்ஃப் -என்" சொல்லும்.

இங்கே பதிப்பைக் கவனியுங்கள். 2025இல் வந்த டவ்காட் 2.4இன் கான்ஃபிக் எழுதும் முறை 2.3இலிருந்து மாறிவிட்டது, டெபியன் 13இல் இருப்பது 2.4. பழைய மெயில்_லொக்கேஷன் இப்போது மெயில்_டிரைவர், மெயில்_பாத் என்று பிரிந்திருக்கிறது. பழைய குறிப்பிலிருந்து ஒட்டினால் டவ்காட் தொடங்கவே மறுக்கும்.

சான்றிதழ் புகார் வந்தால் இரண்டு காரணம்தான் பெரும்பாலும். உங்கள் சான்றிதழ் மட்டும் உள்ள செர்ட்.பெம் கோப்பைக் கொடுத்திருப்பீர்கள், இடைநிலைச் சான்றிதழ்களும் சேர்ந்த ஃபுல்செயின்.பெம் கொடுக்க வேண்டும். அல்லது லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ் தானாகப் புதுப்பிக்கப்பட்டிருக்கும், ஆனால் டவ்காட் பழையதையே நினைவில் வைத்துக்கொண்டிருக்கும். சான்றிதழைப் புதுப்பிக்கும் செர்ட்பாட்டின் டிப்ளாய் ஹூக்கில் (புதுப்பித்ததும் ஓடும் கட்டளை) போஸ்ட்ஃபிக்ஸ், டவ்காட் இரண்டு சேவைகளையும் ரீலோடு செய்யும் ஒரு வரி போட்டுவிடுங்கள்.

தமிழில் தலைப்பு வைத்தால் மட்டும்

தண்டர்பேர்டிலிருந்து தமிழ்த் தலைப்போடு மெயில் போகிறது. சர்வரில் ஓடும் உங்கள் ஸ்கிரிப்ட் அனுப்பும் தமிழ்த் தலைப்பு மெயில் மட்டும் சில இடங்களிலிருந்து திரும்புகிறது. லாகில் "எஸ்எம்டிபியுடிஎஃப்8 தேவை, எதிர் சர்வர் தரவில்லை" என்ற பொருளில் வரி இருக்கும். தலைப்பிலும் முகவரியிலும் ஆங்கிலமல்லாத எழுத்துகளை அப்படியே அனுப்ப உதவும் எஸ்எம்டிபி நீட்சி அது. ஆப்கள் தலைப்பை மைம் முறையில் ஆஸ்கி (அடிப்படை ஆங்கில) எழுத்தாக மாற்றித்தான் அனுப்பும். ஸ்கிரிப்ட் "சென்ட்மெயில்" கட்டளைக்குத் தமிழை அப்படியே ஊட்டும்போது, தலைப்பில் யுடிஎஃப்-8 இருப்பதைக் கண்டு போஸ்ட்ஃபிக்ஸ் அந்த மெயிலுக்கு இந்த நீட்சி தேவை என்று குறித்துவிடும். எதிர்த்தரப்பில் அது இல்லையென்றால் மெயில் திரும்பும். உங்கள் ஸ்கிரிப்டில் தலைப்பை மைம் முறையில் மாற்றுவதே சரியான தீர்வு. பைத்தானின் "ஈமெயில்" தொகுப்பு இதைத் தானாகச் செய்யும். தமிழிலேயே முகவரி வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தப்பும் வழி கிடையாது: எதிர் சர்வரும் அந்த நீட்சியை ஏற்றே ஆக வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் பிடிபடாவிட்டால் தெரிந்தவர்களிடம் கேளுங்கள். கேட்கும்போது "போஸ்ட்கான்ஃப் -என்", "போஸ்ட்கான்ஃப் -எம்எஃப்" (எம் மட்டும் பெரிய எழுத்து), "டவ்கான்ஃப் -என்" மூன்றின் வெளியீட்டையும், ஒரே ஒரு வரிசை எண்ணின் லாக் வரிகள் முழுவதையும் கொடுங்கள். ஸ்கிரீன்ஷாட் வேண்டாம், எழுத்தாகவே கொடுங்கள். டேட்டாபேஸ் பாஸ்வேர்டு இருந்தால் அழித்துவிடுங்கள், ஆனால் டொமைன் பெயரை மறைக்காதீர்கள். அதை மறைத்தால் உங்கள் டிஎன்எஸ்ஸை அவரால் பார்க்க முடியாது.